கடல்தாழை நடவு: மூங்கில் சட்டம் கட்டுமுன் என்னென்ன பார்க்க வேண்டும்? (பாக் விரிகுடா)

வல்லம்92 (கேள்வி)

வணக்கம். இடம் தஞ்சாவூர் மாவட்டக் கரை, சேதுபாவாசத்திரம் பக்கம். கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள், ஒன்றிலிருந்து இரண்டு பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) ஆழத்தில் உள்ள தாழைப் படுகை (கடற்புல் என்று புத்தகத்தில் வருவது) அங்கங்கே வழுக்கையாகிக்கொண்டு வருகிறது. அடித்தரை சேறு கலந்த மணல். நாட்டுப்படகுச் சங்கமும் கல்லூரி மாணவர்கள் சிலரும் சேர்ந்து, மூங்கில் சட்டத்தில் தாழையைக் கட்டி நடுவதாக முடிவாகியிருக்கிறது. 100 சட்டத்துக்கு மூங்கிலும் கயிறும் வாங்கப் பணம் தயார்.

எந்தத் தாழை நடலாம், எந்த மாதம், சட்டத்துக்கு எத்தனை கன்று, கன்றை எங்கிருந்து எடுப்பது? நட்டது பிடிக்காமல் போனால் பெரும்பாலும் எதனால்? அனுமதி வாங்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீவாடு

மூங்கில் வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். தாழை சும்மா வழுக்கையாகாது. ஏதோ ஒன்று பிடுங்குகிறது, இல்லை வெளிச்சத்தை மறைக்கிறது. அது அங்கேயே இருக்கும்வரை நீங்கள் நடுவதும் அதற்குத்தான் தீனி. உலகம் முழுக்க நடந்த 1786 கடற்புல் நடவுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்த முடிவு 2016-ல் வெளிவந்தது. பிழைத்தது ஏறக்குறைய 37 விழுக்காடு. அழிவுக்கான காரணத்தை முதலில் நீக்கிய இடங்களும், பெரிய அளவில் நட்ட இடங்களும்தான் ஓரளவு தேறின. 100 சட்டம் என்பது அந்தக் கணக்கில் மிகச் சிறியது. அதனால் இடத்தேர்வில் பிழை வந்தால் ஈடுகட்ட வழியே இல்லை.

ஆகவே முதல் வேலை, கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கி வழுக்கையின் வடிவத்தைப் பார்ப்பது.

நேராக ஓடும் இரண்டு இணைப் பள்ளம், நடுவில் தரை வழித்துவிட்டாற்போல் இருந்தால் இழுவை மடி (விசைப்படகு தரையோடு இழுக்கும் வலை). பள்ளம் இரண்டும் வலையின் வாயை விரித்துப் பிடிக்கும் மடிப்பலகை உழுதது. ஓரத்தில் விரலை விட்டுப் பாருங்கள்: மணலுக்குள் படுக்கையாக ஓடும் தண்டு அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும். தள்ளு மடியில் பலகை கிடையாது, ஆகவே இணைப் பள்ளமும் இராது. அகலமான பட்டையாகச் சுரண்டியிருக்கும். ஒற்றைப் பள்ளம், அதுவும் ஆழம் குறைந்த இடத்தில் மட்டும் என்றால் எஞ்சின் புரொப்பல்லர் கீறியது. படகு கட்டும் இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாக இருந்தால் நங்கூரம்; அதற்கு மருந்து நடவு இல்லை, நிரந்தரமாக ஒரு கட்டுமிதவை போடுவதுதான்.

இந்த வடிவம் எதுவும் இல்லாமல், ஆழமான ஓரத்திலிருந்து படுகை கரைப்பக்கமாகச் சுருங்கிக்கொண்டே வந்தால் வெளிச்சக் குறைவு. இலைமேல் பழுப்பாகப் பாசி போர்த்தி, தொட்டால் வழவழவென்றிருந்தால், பக்கத்தில் இறால் பண்ணை வாய்க்காலோ ஊர்ச் சாக்கடையோ எங்கே கடலில் விழுகிறது என்று தேடுங்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடினால் முதலில் கொழுப்பது பாசி. அது இலையை மூடி, தாழை பட்டினி கிடந்து சாகும். 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் கழிவுநீரைத் தனிக் குட்டையில் தேக்கித் தெளியவிட்ட பிறகே வெளியே விடவேண்டும் என்பது விதி. குட்டை இருக்கிறதா என்பதைக் கரையிலேயே நின்று பார்த்துவிடலாம்.

வெளிச்சத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். 30 செ.மீ. விட்டத்தில் வெள்ளைத் தட்டு, அடியில் ஈயம், 10 செ.மீ.க்கு ஒரு குறி வைத்த கயிறு, இவ்வளவுதான். காலை 10-லிருந்து மதியம் 2-க்குள், படகின் நிழல் விழும் பக்கம் இறக்குங்கள். தட்டு மறையும் ஆழத்தையும், தூக்கும்போது மறுபடி கண்ணில் படும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். தட்டு மறைகிற ஆழத்தில் மேலே விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு, கூடிப்போனால் கொஞ்சம் அதிகம், மிஞ்சியிருக்கும். பெரும்பாலான தாழைக்கு அதுவே அடிமட்டம். தரையைத் தொடுமுன்பே தட்டு மறைகிற இடத்தில் நடாதீர்கள்.

ஒருநாள் அளவை நம்பவேண்டாம். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை இருக்கிறதல்லவா? இரண்டு வகை நாளிலும், காற்று ஒரே மாதிரி இருக்கும்போது, மூன்று நான்கு வாரம் அளந்து பாருங்கள். விசைப்படகு நாளில் மட்டும் தட்டு சீக்கிரம் மறைந்தால், கலங்கல் எங்கிருந்து வருகிறது என்று யாரிடமும் வாதாட வேண்டியதில்லை.

உப்புத்தரவை

நீவாடு சொன்னதைச் செய்துவிட்டு, இடம் சரி என்று தெரிந்தால் மட்டும் இதைப் படியுங்கள்.

தாழை இனங்களின் ஊர்ப்பெயர் கரைக்குக் கரை மாறும் என்பதால் அறிவியல் பெயரிலேயே சொல்கிறேன். சிமோடோசியா செருலேட்டா: பட்டையான இலை, நுனியில் பொடிப்பல். சிரிங்கோடியம்: இலை உருண்டையாக, ஊசி மாதிரி. ஹாலோட்யூல்: நூல் போல மெல்லிசு. ஹாலோஃபிலா ஓவாலிஸ்: குட்டி வெற்றிலை இரண்டிரண்டாக. எனாலஸ்: முழத்துக்கு மேல் நீளம், அடிக்கட்டையில் கறுப்பு நார். சட்டத்துக்கு ஏற்றது சிமோடோசியா, கூடவே கொஞ்சம் சிரிங்கோடியம். தண்டு கயிற்றில் கட்டும் அளவுக்குத் தடிமனாக இருக்கும், ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஓடும். ஹாலோஃபிலாவை நடவே வேண்டாம். கலக்கம் நின்றால் விதையிலிருந்து தானாக வரும், முதலில் குடியேறுவதே அதுதான். எனாலஸைத் தொடாதீர்கள். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும், நீங்கள் பெயர்த்த பள்ளம் உங்கள் பிள்ளைகள் காலத்திலும் அப்படியே இருக்கும்.

கன்று என்பது 15 முதல் 20 செ.மீ. தண்டு, அதில் மூன்று நான்கு குருத்து, ஒரு முனையில் வளரும் நுனி. நுனி இல்லாத துண்டுதான் பாதி நடவைக் கெடுக்கிறது. பச்சையாகவே இருக்கும், பார்ப்பவர்கள் பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள், ஆனால் ஒரு அங்குலம்கூட ஓடாது. நுனியைக் கண்டுபிடிப்பது எளிது: வெளிறி, கூம்பாக, இலை விரியாத குருத்தோடு இருக்கும்.

கன்றை அடர்ந்த படுகையின் நடுவிலிருந்து எடுங்கள், ஓரத்திலிருந்து ஒருபோதும் வேண்டாம். படுகை முன்னேறுவது ஓரத்தால்தான். சதுர மீட்டருக்கு இரண்டு கன்று, அதற்கு மேல் இல்லை. கத்தியால் தண்டை இருபுறமும் அறுத்து, விரலால் மணலைக் கிளறி வேரோடு உருவி, குழியை மூடிவிடுங்கள். மண்வெட்டி கூடாது.

சட்டம் 1 மீ. × 1 மீ. முழு மூங்கிலில் கணுவுக்குள் காற்று நின்று தூக்கும், ஆகவே பிளந்த மூங்கில். உள்ளே 20 செ.மீ. இடைவெளியில் நெடுக்கே நான்கு, குறுக்கே நான்கு தென்னங்கயிறு. 16 சந்திப்பு, சந்திப்புக்கு ஒரு கன்று. முடிச்சும் மூலைக்கட்டும் சேர்த்துச் சட்டத்துக்கு 12 மீட்டர் கயிறு ஆகும். 100 சட்டத்துக்கு 1200 மீட்டர் கயிறு, 1600 கன்று. சதுர மீட்டருக்கு இரண்டு என்ற கணக்கில் 800 சதுர மீட்டர் படுகையில் பரவலாக எடுக்க வேண்டியிருக்கும். அவ்வளவு அடர்ந்த படுகை உங்கள் பக்கம் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சட்டத்தைக் குறையுங்கள், எடுப்பதைக் கூட்டாதீர்கள்.

தண்டைக் கயிற்றின் அடிப்பக்கம் கட்ட வேண்டும், மேலே அல்ல. மேலே கட்டினால் வேர் தண்ணீரில் தொங்கும். கட்டுவது சணலால், தண்டு கொஞ்சம் அசையும்படி தளர்வாக. இறுக்கினால் கட்டிய இடத்தில் அழுகும். நைலான் நூல், பிளாஸ்டிக் டேக் எதுவும் வேண்டாம். மட்காது, பிறகு அதுவும் கடலில் கிடக்கிற குப்பைதான்.

பிளந்த மூங்கிலும் மேலே வரப் பார்க்கும். நான்கு மூலையிலும் கொக்கி உள்ள 50 செ.மீ. முளை, 40 செ.மீ. இறங்க அடியுங்கள். சேறு அதிகமுள்ள இடத்தில் முளை இன்னும் நீளம் வேண்டும். அடித்தபின் கையால் மணலைத் தள்ளித் தண்டை மூடுங்கள், இலை வெளியே நிற்கட்டும். சட்டத்தை இறக்கிவிட்டு மூடாமல் வந்துவிடுவது பலரும் செய்யும் பிழை.

எடுத்த கன்று கடல்நீர்த் தொட்டியில், ஈரச்சாக்கு போர்த்தி, நிழலில் இருக்க வேண்டும். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். காலையில் எடுத்தது மதியத்துக்குள் தரைக்குப் போகவேண்டும். படகின் மேல்தட்டில் வெயிலில் கால்மணி நேரம் விரித்துப் போட்டுக் கட்டினால் அதோடு சரி.

மாதம்: வாடைக்காற்று ஓய்ந்தபின், மாசிக் கடைசி முதல் பங்குனி நடுவரை. உங்கள் கரைக்கு அடி வாங்கும் காலம் வடகிழக்குப் பருவமழைதான். மார்ச்சில் நட்டால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் நடுவில் வரும், வேர் பிடிக்கிற நேரத்தில் விசைப்படகு இல்லை. அடுத்த ஐப்பசிக்குள் ஆறு மாத வளர்ச்சி கிடைக்கும். புரட்டாசியில் நட்டவர்கள் கார்த்திகையில் மூங்கிலைக் கரையில் பொறுக்குவார்கள்.

இன்னொன்று, நடுமுன் பத்து இடத்தில் குறி வைத்த குச்சி அடித்து இரண்டு வாரம் விடுங்கள். மணல் ஏறியோ இறங்கியோ 5 செ.மீ.க்கு மேல் ஆட்டம் காட்டினால் அந்த இடம் வேண்டாம். ஏறினால் கன்று புதையும், இறங்கினால் வேர் வெளியே வரும்.

மடிப்பலகை

தம்பி, செய்முறையை மேலே இரண்டு பேரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் சட்டத்தையும் சண்டையையும் பற்றிச் சொல்கிறேன்.

1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் (ஐந்தரை கிலோமீட்டர்) விசைப்படகு மடி இழுக்கக் கூடாது. உங்கள் படுகை ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிறது. ஆக, அங்கே பலகைத் தடம் இருந்தாலே விதிமீறல்தான். இரட்டை மடிக்கும் (இரண்டு படகு சேர்ந்து ஒரு வலையை இழுப்பது) தடை உண்டு. இருந்தும் ஏன் வருகிறார்கள்? இறால் தாழையில்தான் வளர்கிறது, எண்ணெய்ச் செலவும் குறைவு. மடியில் ஏறுவதில் பெரும்பகுதி விற்கத் தகாத குஞ்சும் பொடியும். அது சங்காயமாகக் கரைக்கு வந்து, காய்ந்து, தூளாகித் தீவனத்துக்குப் போகிறது. சங்காயத்தை வாங்க ஆள் இருக்கும்வரை குஞ்சை வாரினால் நட்டம் என்ற எண்ணம் யாருக்கும் வராது.

புகார் என்றால் வாய்வார்த்தையாக வேண்டாம். ஜிபிஎஸ் புள்ளி, தேதி, மணி, படகின் பதிவெண் தெரியும் படம், தரையில் உள்ள தடத்தின் படம். மீன்வளத்துறைக்கு ஒன்று, வனத்துறைக்கு ஒன்று. வனத்துறை ஏன் என்றால், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகமாக அரசு அறிவித்திருக்கிறது. உங்கள் இடம் அதற்குள் வரும். நடவுக்கும் அதே வாசல்தான்: வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு கன்றைக்கூடப் பிடுங்காதீர்கள். தாழைப் படுகை 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையிலும் மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் இருக்கிறது. நல்ல எண்ணத்தில் பிடுங்கினோம் என்பது பதிலாகாது.

இப்போது கசப்பான பகுதி. விசைப்படகு மட்டும் குற்றவாளி என்று மனு எழுதினால் அது பாதி உண்மை. நீலக்கால் நண்டுக்குப் போடும் அடிவலை யாருடையது? கிழிந்த நரம்பு வலையைக் கரைக்குக் கொண்டுவராமல் கடலிலேயே அறுத்துவிடுவது யார்? அந்த வலை தாழைமேல் படிந்து ஆள் இல்லாமலே பிடித்துக்கொண்டிருக்கும். கடற்பசு சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய விலங்கு. வலையில் சிக்கினால் மூழ்கித்தான் சாகும். உங்கள் 100 சட்டமும் முதலில் மாட்டப்போவது சங்கத்து ஆட்களின் நண்டு வலையில்தான். வலையை இழுக்கும்போது சட்டமும் வரும், வலையும் கிழியும், இரண்டு பக்கமும் கோபம். ஆகவே நடுமுன் ஊர்க்கூட்டத்தில் அந்த இடத்தை வலை போடாத இடமாகப் பேசி முடியுங்கள். நான்கு மூலையிலும் கொடியோடு மிதவை. கிழிந்த வலையை எடைபோட்டு வாங்க யாராவது ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். இந்த ஏற்பாடு நடவைவிட அதிகம் பலன் தரும் என்பது என் கணக்கு.

மடியைத் தடுக்க சிமென்ட் தொகுதி இறக்கலாமே என்று அடுத்து யாராவது கேட்பார்கள். இறக்கலாம், ஆனால் தாழைமேல் அல்ல. வெளிப்புற ஓரத்தில், வெறும் தரையில், மீன்வளத்துறை அனுமதியோடு. இலகுவான தொகுதியை மடி இழுத்துக்கொண்டு போய்விடும். சேற்றுத் தரையில் தொகுதியைச் சுற்றி நீரோட்டம் குழி பறித்து அதையே விழுங்கும். தொகுதியில் மாட்டிக் கிழியும் வலையும் அங்கேயே தங்கும், ஆண்டுக்கு ஒருமுறை இறங்கி அறுத்தெடுக்க ஆள் வேண்டும். அந்தச் செலவை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை.

வல்லம்92

அண்ணன்மார்களுக்கு நன்றி. மூங்கிலை நிறுத்திவிட்டோம். இறங்கிப் பார்த்ததில் வெளி ஓரத்தில் இணைப் பள்ளம் இருக்கிறது, அது புரிந்துவிட்டது. ஆனால் உள்ளே, ஒன்றரைப் பாகத்தில், வேறு ஒரு தடம். ஏறக்குறைய ஒரு சாண் அகலம், இரண்டு மூன்று மீட்டர் நீளம், வளைந்து நெளிந்து போய்ச் சட்டென்று நின்றுவிடுகிறது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அங்கே இருப்பது பெரும்பாலும் குட்டி வெற்றிலைத் தாழை. இது புரொப்பல்லர்தானா? நடவுக்கு இந்த இடம் சரியா?

நீவாடு

புரொப்பல்லர் ஒன்றரைப் பாகத்தில் தரையைத் தொடாது. நாட்டுப்படகில் அவ்வளவு ஆழம் இறங்காது. அப்படியே கீறினாலும் நேராகவோ பெரிய வில்லாகவோ போகும், நெளியாது. நீங்கள் சொல்வது ஆவுளியா, அதாவது கடற்பசு, மேய்ந்த தடம்.

கடற்பசு இலையை மட்டும் கடித்துவிட்டுப் போகாது. மூஞ்சியைத் தரையில் பதித்து, வேரும் தண்டுமாக உருவிக்கொண்டே நகரும். மூஞ்சியின் அகலமே தடத்தின் அகலம். ஒரு மூச்சுக்கு ஒரு தடம், மூச்சுத் தீர்ந்தால் மேலே போய்விடும். அதனால்தான் சட்டென்று நிற்கிறது. ஹாலோஃபிலாவும் ஹாலோட்யூலும் அதற்கு மிகவும் பிடித்தவை. நார் குறைவு, வேகமாக மீண்டும் முளைக்கும். நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ மேயும் என்பதால் ஒரே ஒரு விலங்கு இருந்தாலும் தடம் நிறைய தெரியும்.

உறுதிப்படுத்திக்கொள்ள, தடத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள். தண்டே இல்லாமல் வெறும் மணலாக, இரு ஓரமும் ஒழுங்காக இருந்தால் மேய்ச்சல். அறுந்த தண்டும் பிய்ந்த இலையும் குவிந்து கிடந்தால் இயந்திர வேலை.

அந்த இடத்தில் சட்டம் வைக்கவே கூடாது. அது வழுக்கை இல்லை, மேய்ச்சல் நிலம். சிமோடோசியாவைக் கட்டி அதை மூடுவது நல்ல புல்வெளியில் மரம் நடுவது மாதிரி. முளையிலும் கயிற்றிலும் விலங்கு மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. தடத்தின் படத்தையும் ஜிபிஎஸ் புள்ளியையும் வனத்துறைக்குக் கொடுங்கள், மடிப்பலகை சொன்ன வலை போடாத எல்லையை அதைச் சுற்றியும் இழுங்கள். புள்ளியைப் பொதுவில் எழுதவேண்டாம், இங்கேயும்தான்.

உப்புத்தரவை

அப்படியானால் நடவு வெளி ஓரத்து இணைப் பள்ளத்தில் மட்டும், அதுவும் புகார் கொடுத்து மடி வருவது நின்றபிறகு. முதல் ஆண்டு 100 வேண்டாம், 20 சட்டம் போதும். 15-ல் கன்று, 5 வெறும் சட்டம். கயிறும் முளையும் எல்லாம் இருக்கும், தாழை மட்டும் இருக்காது. பக்கத்திலேயே சட்டமே இல்லாத வழுக்கையில் 5 இடத்தைக் குறித்துவையுங்கள். ஆறு மாதத்தில் மூன்றிலும் தாழை ஒரே அளவு வந்திருந்தால் நடவு தேவையே இல்லை, மடி நின்றதே போதும். வெறும் சட்டத்திலும் வந்து, சட்டம் இல்லாத இடத்தில் வராவிட்டால், கயிறு மணலைப் பிடித்து வைத்ததுதான் உதவியது. கன்று எடுக்கும் வேலை மிச்சம்.

எண்ணுவது குருத்தை, இலையை அல்ல. ஓரா மீன் கூட்டம் வந்தால் சில நாளில் இலையைக் கத்தரித்துவிடும், தண்டு நன்றாயிருந்தால் துளிர்க்கும். இலையைப் பார்த்து எண்ணினால் செத்துவிட்டது என்று எழுதிவிடுவீர்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை சட்டத்தைப் பிடித்திருக்கும் முளையை மட்டும் சரிபாருங்கள். பிறகு மாதம் ஒருமுறை சட்டத்துக்குள் குருத்து எத்தனை, சட்டத்துக்கு வெளியே ஓடியது எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். முழுப் படுகைக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை: 25 மீட்டர் இடைவெளியில் 50 மீட்டர் கோடு மூன்று, 5 மீட்டருக்கு ஒருமுறை அரை மீட்டர் சதுரம், கோட்டுக்கு 11, மொத்தம் 33. தொடக்கப் புள்ளியில் கல்லோ முளையோ நிரந்தரமாக இருக்கட்டும். மாணவர்கள் படிப்பு முடிந்து போனபின் அடுத்த வகுப்பு அதே கோட்டில் இறங்கவேண்டும்.

வல்லம்92

சரி அண்ணே. இந்த வாரம் வனத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் மனு, ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். தட்டுக்கு எவர்சில்வர் தாம்பாளத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்தால் ஆகுமா?

நீவாடு

ஆகும். பளபளப்பில்லாத பெயின்ட்டாக இருக்கட்டும், நடுவில் ஓட்டை போட்டுக் கயிறு கோருங்கள், சாயாமல் இறங்க வேண்டும்.